மீட்டர் 1.3 காட்டியது, வயர்லெஸ் கேட்கவில்லை: தேங்காப்பட்டணம் விசைப்படகு ஒன்றின் ஆன்டெனா ஆய்வு

தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தைச் சேர்ந்த ஒரு விசைப்படகு. மர உடம்பு, மேலே ஃபைபர் பூச்சு, நீளம் 70 அடிக்குப் பக்கம், கேபின் பின்புறம். புகார் இதுதான்: துறைமுகத்துக்குள் வயர்லெஸ் நன்றாகக் கேட்கிறது. வெளியே போய் 5 கடல் மைல் தாண்டினால் கூட்டுப் படகின் பேச்சு துண்டு துண்டாகிறது. இரவில் தளத்து விளக்குகளைப் போட்டால் அதுவும் இல்லை. மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். அதே மாதிரி செட்டு வைத்திருக்கும் கூட்டுப் படகோ மற்றப் படகுகளோடு 11, 12 மைல் வரை தடையில்லாமல் பேசுகிறது.

முன்பு பார்த்தவர்கள், ஆன்டெனா பக்கமிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைச் செட்டின் பின்னால் போட்டிருக்கிறார்கள். 1.3 காட்டியது. 1.5க்குள் இருந்தால் ஆன்டெனாவும் கேபிளும் நன்றாக இருக்கின்றன என்பதுதான் எல்லோரும் படித்த பாடம். ஆகவே பழுது செட்டில்தான் என்று முடிவாகி, புதுச் செட்டுக்கு விலையும் விசாரித்தாயிற்று. அந்த முடிவு தவறு. செட்டில் ஒரு பழுதும் இல்லை. மீட்டர் நல்ல எண்ணைக் காட்டியதற்குக் காரணமே கேபிள் கெட்டுப்போயிருந்ததுதான். இந்த ஒரு விஷயம் புரியாமல் நல்ல செட்டுகளைக் கழற்றி எறிகிற படகுகள் பல என்பதால் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் உருவானபோது கரையிலிருந்து புறப்பட்ட எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 100 மைல் தாண்டி நிற்கும் படகுக்குக் கரையின் குரலைக் கொண்டுசேர்க்க இந்தப் படகுகளில் இருக்கும் விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) வயர்லெஸ்ஸால் முடியாது. அது செயற்கைக்கோள் கருவியின் வேலை. ஆனால் எச்சரிக்கை ஒரு படகுக்குக் கிடைத்துவிட்டால் அதைச் சுற்றியிருக்கும் படகுகளுக்குக் கைமாற்றுவது இந்த வயர்லெஸ்தான். 5 மைலில் செத்துப்போகும் செட்டு அந்தச் சங்கிலியில் ஒரு அறுந்த கண்ணி.

எவ்வளவு தூரம் கேட்க வேண்டும்?

பழுதைத் தேடும் முன் இந்தப் படகுக்கு இயற்கையாக எவ்வளவு தூரம் கிடைக்க வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். இந்த அலை ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். கடலின் வளைவு மறைத்தால் நின்றுவிடும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 2.23ஆல் பெருக்கினால் அதன் எல்லை கடல் மைலில் கிடைக்கும். இரண்டு படகுகளின் எல்லையையும் கூட்டினால் அவற்றுக்கு இடையிலான பேச்சுத் தூரம்.

இந்தப் படகில் ஆன்டெனா நீர்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருந்தது: 5 மைல். கூட்டுப் படகில் 8 மீட்டர்: 6.3 மைல். மொத்தம் 11 மைலுக்குச் சற்று மேல். கிடைத்தது பாதிக்கும் குறைவு. ஆகவே உயரம் மட்டும் காரணம் இல்லை. வழியில் எங்கோ சக்தி கரைகிறது.

வாட் கூடிய செட்டு வாங்கினால் தீராதா என்ற கேள்வி எப்போதும் வரும். கடல் விஎச்எஃப் செட்டுக்கு உச்சவரம்பு 25 வாட். அதைச் சட்டவிரோதமாக 50 ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான் (டெசிபல் சக்தியின் மடங்கைச் சொல்லும் அளவு: 3 என்றால் இரண்டு மடங்கு, 6 என்றால் நான்கு, 12 என்றால் ஏறத்தாழ பதினாறு). கடல்மட்டத்தை ஒட்டி ஓடும் அலை, தூரம் இரட்டித்தால் 12 டெசிபல் இழக்கும். மேலும், கூடுதல் வாட் நாம் பேசுவதற்கு மட்டுமே. நாம் கேட்பதற்கு அது ஒரு துளியும் உதவாது. கேட்பது ஆன்டெனா, கேபிள், இரைச்சல் ஆகிய மூன்றின் கையில்தான் இருக்கிறது.

செட்டை வழக்கிலிருந்து விடுவித்தல்

காசு செலவில்லாத சோதனை இடம் மாற்றிப் பார்ப்பது. கூட்டுப் படகின் செட்டை இங்கே மாட்டியபோது அதுவும் மந்தமாகவே கேட்டது. இந்தச் செட்டு அங்கே போனதும் முழு வலுவோடு வேலை செய்தது. செட்டு நிரபராதி.

அடுத்து மின்சாரம். இந்தப் படகில் 24 வோல்ட் பேட்டரி; அதிலிருந்து கன்வெர்ட்டர் வழியாக 13.4 வோல்ட். பேச்சுப் பொத்தானை அழுத்தும்போது செட்டின் முனையில் 11.6 வோல்ட்தான் நின்றது. 25 வாட் செட்டு பேசும்போது 5 முதல் 6 ஆம்பியர் இழுக்கும். போட்டிருந்தது 1 சதுர மில்லிமீட்டர் வயர், போக வர 12 மீட்டர். அதிலேயே 1.2 வோல்ட் போய்விடும். மீதியை ஃபியூஸ் பிடிப்பானில் படிந்திருந்த பச்சைக் களிம்பு தின்றது. 4 சதுர மில்லிமீட்டர் வயரும் புது ஃபியூஸ் பிடிப்பானும் போட்ட பிறகு விழுவது 0.3 வோல்ட்தான். இது பேசுவதைச் சீராக்கியது. கேட்பதில் மாற்றம் இல்லை, எதிர்பார்க்கவும் கூடாது. 24 வோல்ட் படகுகளில் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் உண்டு. ஒரு பேட்டரி வடிந்தும் மற்றது பொங்கியும் இரண்டும் சீக்கிரம் போகும். அதைச் செய்ய வேண்டாம்.

1.3 எப்படி வந்தது?

எஸ்டபிள்யூஆர் மீட்டர் செய்வது ஒன்றே ஒன்று: போன சக்தியையும் திரும்பி வந்த சக்தியையும் ஒப்பிட்டுச் சொல்கிறது. திரும்பி வருவது குறைவாக இருந்தால் நல்ல எண், அதாவது 1க்கு நெருக்கமான எண். ஆனால் போன சக்தியைக் கேபிள் வழியிலேயே தின்று, ஆன்டெனாவில் மோதித் திரும்பியதையும் வரும் வழியில் தின்றுவிட்டால் மீட்டருக்கு என்ன வந்து சேரும்? ஏறத்தாழ எதுவும் இல்லை. மீட்டர் சந்தோஷமாக 1.3 காட்டும்.

இதைப் பிடிக்க இரண்டு சோதனைகள் போதும். மீட்டர் விஎச்எஃப் அலைக்கு ஆனதாக இருக்க வேண்டும். லாரிகளில் வைக்கும் 27 மெகாஹெர்ட்ஸ் சிபி ரேடியோவுக்கான மலிவு மீட்டர் 156இல் கண்டபடி எண் காட்டும். செட்டுக்குத் தனியாக ஒரு முழுச் சார்ஜ் பேட்டரி கொடுத்து, பேச்சுச் சேனல் ஒன்றில் ஓரிரு நொடி மட்டும் அழுத்த வேண்டும். 16ஆம் சேனலில் சோதனை செய்யக் கூடாது. அது ஆபத்து அழைப்புக்கு உரியது.

முதல் சோதனை: மேலே ஆன்டெனாவைக் கழற்றி, கேபிள் முனையை வெறுமனே விட்டு, கீழே 1 வாட்டில் எஸ்டபிள்யூஆர் பார்ப்பது. ஆன்டெனாவே இல்லாத கேபிளில் போனதெல்லாம் திரும்ப வேண்டும். நல்ல கேபிளில் எண் 7, 8க்கு மேல் எகிறும். இங்கே காட்டியது 1.7. ஆன்டெனா இல்லாமலேயே சுமாரான ஆன்டெனா ஒன்று இருப்பதுபோன்ற எண். கேபிளின் கதை இதிலேயே முடிந்தது.

இரண்டாவது, கணக்கை உறுதிசெய்ய: கேபிளின் மேல் முனையில் வாட் மீட்டரும், ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடும் மாட்டி, கீழிருந்து முழுச் சக்தி கொடுப்பது. செட்டிலிருந்து புறப்பட்டது 24 வாட். மேலே வந்தது 6 வாட். நான்கில் மூன்று பங்கு வழியிலேயே போய்விட்டது, அதாவது 6 டெசிபல் இழப்பு. கேட்கும்போதும் இதே இழப்புதான்: கூட்டுப் படகிலிருந்து வரும் மெல்லிய அலையில் நான்கில் ஒரு பங்கே செட்டுக்கு இறங்குகிறது.

பிறகு மீட்டரை ஆன்டெனாவின் காலடியிலேயே அரை மீட்டர் கேபிளோடு வைத்து, 1 வாட்டில், ஆள் ஒரு மீட்டராவது தள்ளி நின்று பார்த்தபோது ஆன்டெனாவின் உண்மையான எஸ்டபிள்யூஆர் 3. வந்து சேர்ந்த 6 வாட்டிலும் கால் பங்கு திரும்பிவிடுகிறது. காற்றில் ஏறியது 4.5 வாட்.

கேபிளுக்குள் என்ன இருந்தது?

போட்டிருந்தது ஆர்ஜி 58, பென்சில் தடிமன்கூட இல்லாத மெல்லிய கேபிள், 18 மீட்டர். தேவையான நீளம் 11. மிச்சம் 7 மீட்டர் வளையமாகச் சுற்றிக் கேபின் கூரையில் கிடந்தது. வெட்டினால் வீணாகுமே என்று விட்டுவைப்பது எல்லாத் துறைமுகங்களிலும் உள்ள வழக்கம். ஆர்ஜி 58 புதிதாக இருந்தாலே இந்த அலையில் மீட்டருக்கு 0.2 டெசிபல் இழக்கும். சுருட்டிவைத்த 7 மீட்டர் மட்டும் 1.4 டெசிபல் தின்றது.

மற்றது தண்ணீர். கேபிளை நீளவாக்கில் கீறியபோது மேல் முனையிலிருந்து 4 மீட்டர் வரை, நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் செம்புப் பின்னல் முழுக்கக் கருத்து, கையால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. அதற்குக் கீழே பச்சை. கேபின் பக்கத்து முனையில்தான் செம்பு தன் நிறத்தில் இருந்தது. நுழைந்த வழிகள் இரண்டு. ஒன்று, மேல் கனெக்டரில் சுற்றியிருந்த சாதாரண கறுப்பு டேப். வெயிலில் பசை இளகி, நுனி பிரிந்து, உள்ளே சிறு கிண்ணம்போல நீரைத் தேக்கி வைத்திருந்தது. மற்றது, நைலான் கயிற்றால் மாஸ்ட் (படகின் கம்பம்) குழாயில் கட்டிய இடம். படகு ஆட ஆடக் கயிறு உரசி உறை அறுந்திருந்தது. பின்னலின் இழைகளுக்கு நடுவே நீர் தானாக ஊர்ந்து இறங்கும். உப்பு அதோடு சேர்ந்தே போகும். மழைக்கு மறுநாள் மோசமானதன் காரணம் இது.

கனெக்டரின் மேல் சிலிக்கான் அப்பியிருந்ததும் கெடுதலே. ஆறும்போது புளித்த வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் செம்பை அரிக்கும். கனெக்டர் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

ஆன்டெனா இருந்த இடமும் இனமும்

மாட்டியிருந்தது ஜீப், கார் கூரைக்கான கால் அலை (அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு) ஆன்டெனா, 48 சென்டிமீட்டர் கம்பி. வண்டிக் கூரையில் அது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் கீழே இருக்கும் தகரம் அதன் மறுபாதி. இங்கே கீழே மரமும் ஃபைபரும். மறுபாதி இல்லாததால் கேபிளின் பின்னலே அந்த வேலையைச் செய்யப் பார்க்கிறது. எஸ்டபிள்யூஆர் 3 ஆனதோடு, கேபின் இரைச்சல் முழுக்கப் பின்னல் வழியாக உள்ளே ஏறுகிறது.

அதுவும் மாஸ்ட் குழாயிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி, குழாய்க்கு இணையாக. இவ்வளவு பக்கத்தில் நிற்கும் இரும்புக் குழாய் ஆன்டெனாவின் இசைவைக் கலைத்து, குழாய்க்குப் பின்பக்கம் நிழல் விழ வைக்கும். படகைத் திருப்பினால் பேச்சு தெளிவாகிறது என்று படகில் சொன்னது இதைத்தான். அந்தத் தகவலை முதலிலேயே கேட்டு வாங்குவது நல்லது; திசைக்குத் திசை மாறினால் பழுது செட்டில் இருக்க வாய்ப்பு குறைவு.

மாற்றியது என்ன?

ஆன்டெனா: அரை அலை, 3 டெசிபல் குவிப்பு, ஏறத்தாழ 1 மீட்டர் நீள ஸ்டெயின்லெஸ் கம்பி. இதற்குத் தகரத் தளம் தேவையில்லை. 8 அடி நீள 6 டெசிபல் ஆன்டெனா தானே நல்லது என்று தோன்றும். அது சக்தியைத் தொடுவானத்தை நோக்கி மெல்லிய தட்டாக ஒடுக்குகிறது. தென்மேற்குக் காற்றில் படகு உருளும்போது அந்தத் தட்டு ஒரு பக்கம் வானத்துக்கும் மறுபக்கம் தண்ணீருக்கும் போய், பேச்சு அலைக்கு அலை ஏறி இறங்கும். நம் கடலில் உருளும் படகுக்கு மாஸ்ட் உச்சியில் 3 டெசிபல்தான் சரி.

இடம்: மாஸ்ட் உச்சி, நீர்மட்டத்திலிருந்து 8.5 மீட்டர், விளக்குகளுக்கு மேலே. குழாயின் முனைக்கு மேல் ஆன்டெனா முழுக்க எழுந்து நிற்கும்படி 316 தரத்து ஸ்டெயின்லெஸ் பிடி. இரண்டாவது வயர்லெஸ் உள்ள படகில் அதன் ஆன்டெனாவை இதிலிருந்து முடிந்த அளவு விலக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றில் பேசும்போது மற்றது செவிடாகும்.

கேபிள்: ஆர்ஜி 213, 13 மீட்டர், இடையில் ஒட்டு இல்லாமல். வெளி விட்டம் 10.3 மில்லிமீட்டர், நடுவில் 7 செம்பு இழை, பின்னலை விலக்காமல் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் தெரியக் கூடாது. தெரிந்தால் பின்னல் குறைத்துச் செய்த மலிவுக் கேபிள். மீட்டருக்கு இழப்பு 0.09 டெசிபல், 13 மீட்டருக்கு 1.2.

கனெக்டர் பிஎல் 259. பாதிப் படகுகளின் நோய் இங்கேதான் பிறக்கிறது. முதலில் வெளி வளையத்தைக் கேபிளில் நுழைத்துவிட வேண்டும். மறந்தால் ஈயம் வைத்த பிறகு எல்லாவற்றையும் வெட்ட வேண்டியதுதான். வெளி உறையை 28 மில்லிமீட்டர் நீக்கி, நுனியிலிருந்து 16 மில்லிமீட்டர் அளவுக்குப் பின்னலையும் வெள்ளைப் பிளாஸ்டிக்கையும் எடுத்து நடுக்கம்பியை வெளிக்கொணர வேண்டும். மீதமுள்ள பின்னலுக்கு மெல்லிதாக ஈயம் பூசிவிட்டு, உடலைத் திருகி ஏற்றி, பக்கத்து நான்கு துளைகள் வழியாகவும் பின்னலோடு ஈயம் பிடிக்க வைக்க வேண்டும். 25 வாட் சால்டரிங் அயர்ன் இதற்குப் போதாது. சூடு ஏறாமல் ஈயம் மேலே உருண்டையாக உட்காரும், உள்ளே பிடிக்காது. அதிக நேரம் வைத்தால் பிளாஸ்டிக் உருகி நடுக்கம்பி ஒரு பக்கம் சாயும். 80 முதல் 100 வாட் அயர்ன் வைத்துச் சட்டென்று முடிக்க வேண்டும். ஆறிய பிறகு மல்டிமீட்டரில் நடுமுனைக்கும் உடலுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இதை ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். பல ஆன்டெனாக்கள் உள்ளே சுருள் வைத்திருப்பதால் நேர்மின்சாரத்துக்கு ஷார்ட் போலக் காட்டும், அது பழுது அல்ல.

மூட்டுக்குத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப். இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, பாதிக்குப் பாதி ஏறும்படி, கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறுவதுபோல அடுக்கு விழுந்தால் நீர் உள்ளே போகாது. அதன் மேல் வெயில் தாங்கும் டேப் ஒரு சுற்று. கேபிளை மாஸ்ட் குழாயில் 40 சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்பு டை போட்டு, நசுங்காத இறுக்கத்தில் கட்டினோம். கேபினுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு, நுழைவு கீழிருந்து மேலாக. எங்கும் 10 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது.

கேபிள் மாறியதும் இரைச்சல் கூடியது

இந்தக் கட்டத்தில்தான் படகுக்காரருக்குச் சந்தேகம் வரும். புதுக் கேபிள் போட்ட இரவில் தளத்து விளக்குகளைப் போட்டதும் முன்பைவிடப் பலமாக இரைந்தது. நியாயம்தான்: பழைய கேபிள் பேச்சை விழுங்கியதுபோல இரைச்சலையும் விழுங்கிக்கொண்டிருந்தது. காது திறந்ததும் இரண்டும் கேட்கின்றன.

எல்இடி ஃபிளட் விளக்கின் உள்ளே இருக்கும் டிரைவர் என்னும் மின்சுற்று மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அந்த வெட்டு விஎச்எஃப் அலையில் இரைச்சலாகப் பரவும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் இதற்கென்றே பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. அதில் சொன்ன சோதனை எளிது. எல்லா விளக்கையும் அணைத்து, பேச்சில்லாத சேனல் ஒன்றில் இரைச்சல் அடங்கும் புள்ளி வரை மட்டும் ஸ்குவெல்ச்சை (செட்டில் இரைச்சலை அடக்கும் திருகு) திருக வேண்டும். பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எந்த விளக்கில் இரைச்சல் வெடிக்கிறதோ அதுதான் குற்றவாளி. இதே முறையில் கன்வெர்ட்டர், எக்கோ சவுண்டர் (ஆழம் பார்க்கும் கருவி), மொபைல் சார்ஜர் எல்லாவற்றையும் விசாரிக்கலாம். செட்டின் பின்னால் ஆன்டெனா கேபிளைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் அது காற்று வழியாக வருகிறது. நிற்காவிட்டால் மின்வயர் வழியாக.

இங்கே நான்கு விளக்குகளில் இரண்டு இரைந்தன. அவற்றின் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி, விளக்கின் கழுத்திலேயே விஎச்எஃப் அலைக்கான ஃபெரைட் வளையத்தில் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) சேர்த்து நுழைத்தபோது ஒன்று அடங்கியது. இரண்டு வயரும் ஒரே வளையத்தில் போக வேண்டும். ஒன்றை மட்டும் மாட்டினால் பெரிய பலன் இல்லை. மற்ற விளக்கு அடங்கவில்லை, அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை. புதிதாக வாங்கிய விளக்கை மாட்டும் முன்பே பேட்டரியில் பிடித்து இதே ஸ்குவெல்ச் சோதனையைச் செய்துகொண்டால் வேலை மிச்சம்.

முடிவு

மேல் முனையில் வந்தது 18 வாட், முன்பு 6. ஆன்டெனா காலடியில் எஸ்டபிள்யூஆர் 1.3, முன்பு 3. செட்டின் பின்னால் காட்டியது 1.2, முன்பு 1.3. கடைசி ஜோடியைக் கவனியுங்கள்: வழக்கமாக மீட்டர் போடும் இடத்தில் எண் கிட்டத்தட்ட அசையவே இல்லை.

கேபிளிலும் ஆன்டெனா இசைவிலும் மீண்டது 6 டெசிபல். உயரம் 5 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 9 ஆனதில் 5 டெசிபல். 12 டெசிபலுக்குத் தூரம் இரட்டிக்கும் என்ற கணக்குப்படி 5 மைல் 9க்கும் 10க்கும் நடுவே வர வேண்டும். கூட்டுப் படகோடு ஜிபிஎஸ் தூரம் பார்த்து மைலுக்கு மைல் பேசியதில் பகலில் 11 மைல் வரை, இரவில் விளக்குகளோடு 10 மைல் வரை சொல் பிசகாமல் கேட்டது. மாஸ்ட் நிழல் விலகியதன் பலன் அந்தக் கூடுதல். பருவமழைக்கு முந்தைய மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும் காலை வேளைகளில் வயர்லெஸ் அலை வழக்கத்தைவிட வெகுதூரம் ஓடும். அன்றைக்குக் கிடைத்த தூரத்தை வைத்து ஆன்டெனாவை மதிப்பிடக் கூடாது. நடுப்பகலில் சோதிப்பதே நம்பத்தக்கது.

தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம் படகுகள் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் எப்படியும் கரையில் நிற்கும். கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை. மேல் கனெக்டரின் டேப்பை அறுத்துத் திறந்து, உள்ளே செம்பு பளபளப்பாக இருக்கிறதா என்று பார்த்து, புது டேப் சுற்ற அதுவே நேரம். பச்சை தெரிந்தால் சுரண்டித் துடைப்பதில் பயனில்லை. செம்பு தன் நிறத்தில் வரும் இடம் வரை வெட்டிப் புதுக் கனெக்டர் போட வேண்டும். அதற்காகத்தான் 11 மீட்டர் தேவைக்கு 13 மீட்டர் எடுத்தது. அந்த 2 மீட்டரைச் சுருளாகக் கட்டாமல் கேபின் கூரையின் உள்பக்கம் நீளமாக ஓட்டிவிட வேண்டும். ஆன்டெனாவைக் கழற்றி 1 வாட்டில் பார்க்கும் அந்தச் சோதனையையும் அப்போதே செய்து, எண்ணைக் கேபின் சுவரில் தேதியோடு எழுதிவையுங்கள். புதுக் கேபிளில் 7, 8 காட்டியது அடுத்த தடைக்காலத்தில் 4 என்று இறங்கியிருந்தால், காதுக்கு வித்தியாசம் தெரியாவிட்டாலும் நீர் ஏறத் தொடங்கிவிட்டது.